மகளின் போனைப் பிடுங்கும்போது

பெற்றோருக்கு,

வஹகோட்டையிலும் கலேவெலப் பக்கத்திலும் பிள்ளைகளைத் தமிழில் படிக்கவைக்கிற குடும்பங்கள் அதிகம் இல்லை. பாடசாலைக் கூட்டத்திலோ, மாத்தளைக்கு வகுப்புக்குப் போகிற பஸ்ஸிலோ, ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவிலோ எப்படியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அந்தக் கோபம் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை, என் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இரவு எட்டு மணி. வீட்டில் இரண்டு போன். புதியது அண்ணனிடம். மற்றதில் திரை கீறிக் கிடக்கிறது, சார்ஜர் வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அதில் தங்கச்சிக்கு சூமில் ஏ.எல். வகுப்பு. பாதியில் அப்பாவுக்கு யாரோ கோல் எடுக்கிறார்கள், வகுப்பு அறுந்துபோகிறது. அவர் கதைத்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு அம்மா கையை நீட்டுகிறாள். “போதும், தா. பொம்பளப் பிள்ளைக்கு ராவைக்கு என்ன போன்?” அண்ணன் திண்ணையில் இருந்து கிரிக்கெட் பார்க்கிறான். அவனிடம் யாரும் கை நீட்டவில்லை.

படிப்பு என்று வந்தால் ஆண் பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறோம். அப்படியானால் ஒன்பது மணி அவளுக்கு மட்டும் ஏன் அடிக்கிறது?

நமக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்புக் காசுக்குக் காதுத் தோட்டை அடகு வைத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். மகள் படித்து, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். நாடும் படிக்க வைப்பதில் பின்னிற்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது முதல் பெண் பிள்ளைகள் படிப்பில் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் நூறு பேரில் அறுபதுக்கு மேல் மாணவிகள்தான். ஆனால் வேலைச் சந்தையைப் பாருங்கள். உழைக்கும் வயதில் இருக்கிற ஆண்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் பேர் அங்கே இருக்கிறார்கள், பெண்களில் மூன்றில் ஒரு பங்குதான். படித்த அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

தொலைவுக்கு எங்கும் போகவில்லை. நம் வீட்டுக் குசினியில்தான் இருக்கிறார்கள். கல்யாணம் முடிந்தது, குழந்தை பிறந்தது, மாமியாருக்குச் சுகமில்லை, கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதோடு சரி. ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான், அதனால்தான் யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் இருக்கிறது. இப்படி வாசற்படியோடு நின்றுபோன பெண்களுக்கு இந்தக் காலத்தில் திறந்திருக்கிற கதவுகளில் பெரியது கைக்குள் இருக்கிற இந்தப் போனும் ஒரு கம்ப்யூட்டரும்தான். குழந்தை தூங்கிய பிறகு படிக்கலாம். வீட்டில் இருந்தபடி கணக்கெழுதலாம், மொழிபெயர்க்கலாம், தைத்ததை விற்கலாம். பஸ் நேரம் அதற்குத் தடையில்லை. அந்தக் கதவின் சாவியைத்தான் நாம் ஒன்பது மணிக்குக் கை நீட்டி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதை நினைத்துப் பாருங்கள். பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் காட்டுப் பாறையில் ஏறிப் படித்த செய்தி பதுளைப் பக்கமிருந்து உலகமெல்லாம் போனது. நம் பக்கத்திலும் மரத்தடி மரத்தடியாகப் போய் நின்றார்கள். அப்போது மகளுக்குப் போன் கொடுத்தோம், வேறு வழி இருக்கவில்லை. பாடசாலை திறந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டோம். அந்த மாதங்களில் அவள் தானாகக் கற்றுக்கொண்டது எவ்வளவு? பாடத்தைத் தேடி எடுக்க, பிடிஎப் ஆக்கி அனுப்ப, தெரியாத சொல்லுக்கு அர்த்தம் பார்க்க, வேறு ஊர் ஆசிரியர் ஒருவரின் காணொளியில் அதே கணக்கை இன்னொரு விதமாகப் படிக்க. நம் பகுதியில் தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது நமக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ ஒரு நல்ல ஆசிரியர் இரவு எட்டரைக்கு இணையத்தில் தமிழில் பாடம் எடுக்கிறார் என்றால், அது நம் பிள்ளைக்கு வீடு தேடி வந்த பாக்கியம் இல்லையா? அரைமணி நேரத்தில் அதை நிறுத்த நமக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும்.

2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்ததே, அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் போனில் பதிந்து கொடுத்தது யார்? பிறகு அஸ்வெசும நிவாரணத்துக்குப் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியது யார்? தம்பியின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துச் சொல்வது, கரண்ட் பில்லைக் கட்டுவது, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இன்றைக்குப் போஞ்சி என்ன விலை என்று பார்ப்பது, வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் யார் வேலை? பெரும்பாலான வீடுகளில் அவள்தான். “மகள், இதக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு” என்று நாமே போனைக் கொண்டுபோய் அவள் கையில் வைக்கிறோம். அவள் செய்கிறாள், பிழையில்லாமல் செய்கிறாள். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

அவளுக்கு அதைக் கையாளத் தெரியாது என்று நாம் நினைக்கவில்லை. நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று தெரிந்துதான் கொடுக்கிறோம். நம் காரியத்துக்குக் கெட்டிக்காரியாக இருக்கிற பிள்ளை, தன் காரியத்துக்கு அதைத் தொட்டவுடன் மட்டும் எப்படிக் கெட்டுப்போவாள்?

பிள்ளையின் தலையில் நாம் ஏற்றுகிற சுமையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று இரவு நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பிள்ளையின் படம், சுட்டெண், புள்ளி எல்லாம் ஊருக்கே தெரியும். அந்தப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளையும் அதே போனில் அதே படங்களைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருக்கிறது. பிறகு ஓ.எல். வரும்போது போன் பரிசாகிறது. “ஒன்பது ஏ எடுத்தால் வாங்கித் தருவேன்.” ஒரு பி வந்துவிட்டால் தண்டனையும் அதுவேதான், “இனிப் போனைத் தொடக் கூடாது.” படிப்பதற்கு வேண்டிய பொருளைப் படித்து முடித்தால்தான் தருவோம் என்றால், பிள்ளை அதை என்னவென்று விளங்கிக்கொள்ளும்? கொப்பியையும் பேனையையும் யாராவது பரிசாக மறைத்து வைக்கிறோமா?

மகனுக்கும் இந்த அழுத்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவன் பாடத்தில் தவறினால் அது புள்ளிக் குறைவு. மகள் தவறினால் “எந்நேரமும் போன்தானே, யாரோடயோ கதைக்கிறாள் போல” என்று அவள் குணத்தின்மேல் பேச்சுப் போகிறது. கணக்கில் பத்துப் புள்ளி குறைந்ததற்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் மானத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாமாரே, நம் காலத்தில் நமக்கு இப்படிச் சொன்னபோது எப்படி இருந்தது என்பதை அதற்குள் மறந்துவிட்டோமா?

இனி நம் பயத்தைப் பற்றிப் பேசுவோம். அது பொய்ப் பயம் இல்லை. முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டிப் படம் செய்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவில் அதைச் செய்ய ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. பொய்ப் பெயரில் நட்பு வைத்து, பிறகு காசு கேட்டு மிரட்டுகிறார்கள். பெற்ற வயிறு பதறாமல் என்ன செய்யும்? எனக்கும் பதறுகிறது.

ஆனால் ஒரு பிள்ளையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு அவளுக்கு ஒரு செய்தி வருகிறது. ‘உன் போட்டோ என்னிடம் இருக்கு. சொன்னபடி செய்யாவிட்டால் உன் கிளாஸ் குரூப்பில் போடுவேன்.’ அது பொய்ப் படம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த அறையில் நாம் இருக்கிறோம், நாலு அடி தூரம். அவள் ஏன் எழும்பி வரவில்லை? வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. முதலில் அடி விழும். பிறகு போன் போகும். அதோடு வகுப்பும் போகும். அண்ணன் அவள் நம்பர்களையெல்லாம் தோண்டுவான். மூன்று மாதத்தில் ஒரு மாப்பிள்ளை பேசத் தொடங்குவார்கள். மிரட்டுகிறவனுக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் நம் வீட்டு வழக்கம் நன்றாகத் தெரியும். ‘உன் அம்மா அப்பாவுக்கு அனுப்பட்டுமா?’ என்றுதானே முதலில் எழுதுகிறான்? நம்மைப் பிடித்துத்தான் அவன் நம் மகளை மிரட்டுகிறான். அவனுக்கு அந்த ஆயுதத்தைச் செய்து கொடுத்தது யார்?

போனைப் பிடுங்கினால் ஆபத்து போய்விடும் என்பதுதான் நம் கணக்கு. அது தப்புக் கணக்கு. கூட்டாளியின் போனில் இன்னொரு பெயரில் கணக்குத் திறக்கப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். அப்புறம் அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு கதைக்கிறாள் என்பது நமக்குத் தெரியவே வராது. எந்த இணைப்பைத் தொடக் கூடாது, கடவுச்சொல்லை எப்படி வைப்பது, முகம் தெரியாதவன் படம் கேட்டால் எப்படித் தடுப்பது, மிரட்டல் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இல்லை. பிடுங்கி வைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

உதவி கேட்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இணையத்தில் நடக்கிற தொந்தரவுகளுக்கென்றே எல்.கே. டொமைன் பதிவகம் ‘ஹிதவதி’ என்றொரு சேவையை நடத்துகிறது, தமிழிலும் கதைக்கலாம். இந்த இலக்கங்களை மகளின் போனில் நாமே பதிந்து கொடுத்தோமா? “என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் வா, போனைப் பறிக்க மாட்டோம், ஏச மாட்டோம்” என்று ஒரு தரமாவது அவள் முகம் பார்த்துச் சொன்னோமா?

கேரளத்தில் நடந்த ஒரு வழக்கை நம் வீட்டு மேசையில் வைத்துப் பேச வேண்டும். கோழிக்கோட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. இளங்கலை படிக்கிற மாணவி ஒருத்தி, ‘எனக்குப் படிக்கிறதுக்கே இது வேண்டும், தர மாட்டேன்’ என்று நின்றாள். விடுதியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். அவள் உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். 2019 செப்டம்பரில் நீதிபதி பி. வி. ஆஷா தீர்ப்புச் சொன்னார். இணையத்தைப் பயன்படுத்துகிற உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும், மாணவியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றார். ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லி அறிவுக்கான வழியை அடைக்கக் கூடாது என்றும், விடுதியில் இருப்பவர்கள் எப்போது எப்படிப் படிப்பது என்று தீர்மானிக்கக்கூடிய வளர்ந்தவர்கள் என்பதைக் கல்லூரியோடு பெற்றோரும் உணர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பெற்றோரும் என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் எனக்குத் தைத்தது. ஆறு மணி முதல் பத்து மணி வரை என்பது படிக்கிற நேரம். அந்த நேரத்தில் படிக்கிற கருவியை வாங்கி வைப்பதைப் பாதுகாப்பு என்று ஒரு விடுதி நினைத்தது. நாம் வீட்டில் நினைப்பதும் அதேதானே? பதினெட்டு தாண்டிய மகளிடமும் இரவில் போனை வாங்கி வைக்கிற வீடு நம் பக்கத்தில் இல்லையா?

இதுவரை மகளைப் பற்றிச் சொன்னேன். தாய்மாரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மகளின் நிலை இன்னும் நன்றாக விளங்கும்.

ஒரு அம்மா தைக்கிறார். பாடசாலைச் சீருடை, சாரி பிளவுஸ், முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை. சுத்தமான கைவேலை. மகள்தான் அவற்றைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள். கலேவெலயில் இருந்தும் நாவுலவில் இருந்தும் ஓடர் வந்தது. பேஸ்புக் பக்கம் யார் பெயரில்? அப்பா பெயரில். காசு வருகிற வங்கிக் கணக்கு? அவர் பெயரில். கணக்கு அம்மா பெயரிலேயே இருக்கிற வீட்டிலும், வங்கி அனுப்புகிற ஓடிபி இலக்கம் மகனின் போனுக்குத்தான் போகிறது. உழைத்த காசை எடுக்க அவர் மகன் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார்.

இது புதிய கதை இல்லை. நம் பாட்டிமார் தோட்டத்தில் பறித்த கொழுந்துக்கும் வெட்டிய இறப்பர் பாலுக்குமான சம்பளத்தைக் கணவன்மார் போய்க் கைநீட்டி வாங்கிய காலம் நெடுங்காலம் இருந்தது. 2023இல் மலையக மக்கள் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்களே, நம்மில் சிலரும் வீதியோரம் நின்று தண்ணீர் கொடுத்தோமே, அந்தப் பாதையில் முதலில் நடந்து வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆணோடு சரிசமமாக நடந்தார்கள், சரிசமமாக உழைத்தார்கள். கூலி மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. இன்றைக்கு அந்த ஓடிபி மகனின் போனுக்குப் போவதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சி இல்லையா?

போன் பெண்ணின் கையிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்றும் பார்க்கலாம். பங்களாதேசத்தில் 1997இல் கிராமீன் வங்கியில் கடன் வாங்கிய கிராமத்துப் பெண்களிடம் கைத்தொலைபேசி கொடுத்து, அதை ஊருக்கு வாடகைக்கு விடச் சொன்னார்கள். ஊரில் இருந்த ஒரே போன் அந்தப் பெண்ணிடம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகனோடு கதைக்க வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவரும் அவள் வாசலுக்குத்தான் வர வேண்டும். காசும் அவள் கையில், மரியாதையும் அவள் வீட்டில். அடுத்த வருடமே புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை முன்பின் பார்த்திராத அந்தந்த ஊர்ப் பெண்கள் பலர் அதை நடத்தக் கற்றுக்கொண்டார்கள். மீனவர் கடலுக்குப் போவதற்கு முன் அலையின் உயரம் எவ்வளவு என்பதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள், தமிழில். கம்ப்யூட்டர் கெட்டுப்போகும், பெண் கெட்டுப்போவாள் என்று அவர்களுக்கும் நாலு பேர் சொல்லியிருக்க மாட்டார்களா?

நம் அரசும் முயற்சி செய்யாமல் இல்லை. 2005இல் இருந்து விகாரைகளிலும் ஊர் மண்டபங்களிலும் ‘நெனசல’ கணினி நிலையங்களைத் திறந்தார்கள். 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் கல்வி அணுகல் விருதுகூட அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. நிலையம் வந்தது சரி. அங்கே போக மகளுக்கு நாம் அனுமதி கொடுத்தோமா? ‘பெடியன்கள் இருக்கிற இடம்’ என்று தடுத்த வாய் நம்முடையது இல்லையா?

அடுத்து, ஓ.எல். முடிந்த பிறகு வருகிற அந்த மாதங்களைப் பற்றி. பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மகனைக் கலேவெலயிலோ மாத்தளையிலோ ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ப்போம், “சும்மா இருந்தால் கெட்டுப்போவான்.” மகளைத் தையலுக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் சமையல் பழகச் சொல்வோம். தையலைக் குறைத்துச் சொல்லவில்லை, மேலே சொன்ன அம்மாவின் வீடு அதில்தான் நடக்கிறது. ஆனால் தையலோடு கணக்கு மென்பொருளையும் கற்றால் என்ன குறைந்துபோகும்? பெறுபேறு வந்ததும் ஏ.எல். பிரிவு பார்க்கிறோம். 2013இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. அவள் அதைக் கேட்டால், “பொம்பளப் பிள்ளைக்கு ஆர்ட்ஸ்தான் லேசு” என்கிறோம். கலைப் பீடங்களில் பெண்கள் நிறைந்திருக்க, பொறியியல் பீடங்களில் இன்றும் பையன்களே அதிகம். அதற்குப் பிள்ளைகளின் மூளை காரணமில்லை. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற அந்த ராட்சதக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இந்தத் தொழிலின் பிள்ளையார் சுழியிலேயே பெண்கள் இருந்தார்கள். பிரிவு தெரிவு செய்கிற நாளில் மகளின் வாயைப் பார்த்தோமா, பக்கத்து வீட்டாரின் வாயைப் பார்த்தோமா?

2024 பொதுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், பதுளையில் இருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் இருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அந்தப் படத்தை நம்மில் எத்தனை பேர் பெருமையோடு பகிர்ந்தோம்! பகிர்ந்த அதே கையால் மகள் ஒரு கருத்து எழுதியதைப் பார்த்துவிட்டு, “பொது இடத்தில் உனக்கு என்ன வாய்?” என்று அழிக்கச் சொன்னோமே. அடுத்தவர் மகள் பேசினால் பெருமை, நம் மகள் பேசினால் பயம் என்றால் அவள் எந்த வயதில், எங்கே நின்று பேசிப் பழகுவாள்?

இந்த வருடம் ஓ.எல். எழுதிய மகள் உங்கள் வீட்டில் இருந்தால் நான் கேட்பது இதுதான். அடையாள அட்டை வந்துவிட்டால் அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறவுங்கள். அவளுக்கென்று ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும், கடவுச்சொல் அவளுக்கு மட்டும் தெரியட்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பாடநெறிகளை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்துகிற நிரலாக்கப் பாடநெறி இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆங்கிலம் வராது என்று நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம், அவள் முயன்று பார்க்கட்டும். அம்மாமாரே, நீங்களும் அவளிடம் கற்றுக்கொள்ளுங்கள். வங்கியின் ஓடிபி உங்கள் போனுக்கே வரும்படி மாற்றிக்கொள்ள அவள் வழி காட்டுவாள். தோட்டத்தில் போஞ்சிக் கொடி வாடினால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு நீங்களே எடுத்துக் கேட்கலாம், வீட்டு ஆண் வயலில் இருந்து வரும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சாமான் விலை எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியை மகனுக்குப் போன் வாங்கிய அன்றும் கேட்டிருந்தால் இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே ஒரு போனுக்கு மேல் வாங்க முடியாத வீடு என்றால், நேரத்தைப் பிரித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்குப் பரீட்சை முதலில் வருகிறதோ அவருக்கு முதல் நேரம். வகுப்பு நடக்கும்போது வருகிற கோலுக்கு அப்பா பிறகு திருப்பி எடுக்கட்டும்.